தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும்

வெளிநாட்டுச் செய்தியாளர்களாகப் போகவிருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி நம் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். "தெளிவா சில பாடம் சொல்லுங்க மேடம், பசங்களுக்குப் பயன்படும்" என்றார். தெளிவுக்கு நான் சரியான ஆள் இல்லை என்பதை மனிதர் மறந்துவிட்டார். லண்டனில் இருந்த காலம் முழுக்க நான் பெரும்பாலும் குழம்பித்தான் இருந்தேன். ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு வந்த பிறகும், காவிரிப் பாலத்தில் காலை நடை போகும்போது சில நாள் அந்தக் குழப்பம் கூடவே வருகிறது. அதனால் பாடத்தை விட்டுவிட்டு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நான் செய்தது சரியா தவறா என்று நீங்கள் நான்கு பேரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத அனுமதி இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஞாயிறு மலருக்கு லண்டன் என்றால் இரண்டே விதம். ஒன்று, ஜொலிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக வேண்டும். ஒரு பழைய தபால் நிலையம் காபிக்கடை ஆகிவிட்டது என்று எழுதினால் அரைப் பக்கம் தருவார்கள். ஒரு தெருவே காணாமல் போகிறது என்றால் முழுப் பக்கம், வண்ணத்தில். நான் குடியிருந்தது தென் லண்டனில் ஸ்ட்ரெதம். என் வீட்டுக்குக் கீழே இருந்த ஒரே கடை என் கண்ணெதிரே செருப்புக் கடையாக இருந்து, கைபேசி பழுதுபார்க்கும் கடையாகி, போலந்துக்காரர் மளிகையாகி, முடிதிருத்தகம் ஆனது. ஒவ்வொரு முறையும் ஒருவர் அழுதுகொண்டே சாவியைக் கொடுத்தார், இன்னொருவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். நாம் அழுகிறவரை மட்டும்தான் படம் எடுத்தோம். அவர் படத்தில் நன்றாக வருவார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் முதலில் லண்டன் போனபோது, எனக்கு முன் அங்கே இருந்த செய்தியாளர் விமானம் ஏறுவதற்கு முன் வீட்டுச் சாவியையும் ஒரு மழைக்கோட்டையும் ஒரு விதியையும் கொடுத்துவிட்டுப் போனார். "பேட்டி எடுக்கிற இடத்துல கை நனைக்காதம்மா. எழுதி முடிச்சுட்டு வேணா சாப்பிட்டுக்கோ. முன்னாடியே சாப்பிட்டுட்டா உனக்குப் பேனா ஓடாது" என்றார். நல்ல மனிதர். அமைச்சர்களையும் தூதர்களையுமே பார்த்துப் பழகியவர். யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் போய் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன்.

அங்கே தேத்தண்ணி என்கிற தேநீர் வராமல் பேச்சு தொடங்காது. வேண்டாம் என்றால் ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்ப்பார்கள். போகப் போக எனக்கு ஒன்று புலப்பட்டது. கோப்பை வரும்வரை அவர்கள் மேடையில் பேசுவதுபோலப் பேசுவார்கள். கோப்பை கைக்கு வந்ததும் நாற்காலி கொஞ்சம் நெருங்கும், குரல் இறங்கும், உண்மை விசயம் அப்போதுதான் வெளியே வரும். கோப்பைக்கு முன்னால் சொன்னது பத்திரிகைக்கு, பின்னால் சொன்னது எனக்கு என்று நானாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன்.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலிருந்து ஒரு குறுகிய வாசல் வழியாக உள்ளே போனால் பழைய கூரைச் சந்தை ஒன்று இருந்தது. ஜமைக்கா பெண்களின் சவுரிக் கடை, ஆப்கானியர் ஒருவரின் பெட்டிக் கடை, கொலம்பியாக்காரரின் இறைச்சிக் கடை, எல்லாவற்றுக்கும் நடுவில் நடேசன் அண்ணையின் சாப்பாட்டுக் கடை. இடியப்பம், சொதி, மட்டன் ரோல். பக்கத்து டூட்டிங்கில் ஆயிரம் தமிழ்க் கடை இருந்தும் அங்கிருந்து பஸ் ஏறி இவர் இடியப்பத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தச் சந்தையை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் கவுன்சிலிடம் அனுமதி கேட்டது. கடைக்காரர்களே போகத் தயாராக இருக்கிறார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். இல்லை, ஒருவரும் போக மாட்டோம் என்பது 'சந்தையைக் காப்போம்' குழுவின் வாதம். சந்தை நிற்பதும் விழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழுவின் முகம் நடேசன் அண்ணை. சுவரொட்டியில் இடியப்பத் தட்டோடு நிற்பார்.

சென்னையிலிருந்து ஞாயிறு மலர்ப் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். என்னைவிடப் பாதி வயது, துடிப்பான பையன். தலைப்பை ஏற்கெனவே போட்டுவிட்டார்: 'லண்டனில் ஓர் இடியப்பக் கடையின் கடைசிக் கண்ணீர்'.

"கண்ணீர் இருக்கான்னு நான் இன்னும் பார்க்கவே இல்லையேப்பா" என்றேன்.

"போய்ப் பாருங்க மேடம், கண்டிப்பா இருக்கும்" என்றார்.

போனேன். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். ஊரில் கட்டடப் படம் வரையும் படவரைஞராக வேலை பார்த்தவர், அகதியாக வந்து இங்கே கடைக்காரர் ஆனவர். "இந்தச் சந்தை என்ர உயிர். இதை இடிச்சா என்னை இடிச்ச மாதிரி" என்றார். எழுதிக்கொண்டேன். தலைப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

பிறகு தேத்தண்ணி வந்தது. நாற்காலி நெருங்கியது.

"தங்கச்சி, ஒரு விசயம் சொல்லட்டே? இந்தச் சந்தையை எப்ப இடிப்பினம் எண்டுதான் நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நான் மட்டன் ரோலைக் கீழே வைத்தேன்.

"காலமை காலமை எழும்பி இடியப்பம் புழிஞ்சு கை ரெண்டும் விறைச்சுப்போச்சு. நாரி நோகுது, நிமிர ஏலாது. என்ர மனிசியும் எப்பவோ வீட்டோட நிண்டிட்டா. எனக்கு நீந்தப் பழகவேணும்."

"நீச்சலா?"

"ஓம். இஞ்ச லெஷர் சென்டர் நீச்சல் குளத்தில வயசானாக்களுக்கு எண்டு காலமையில பழக்கிறாங்கள். அது நான் மாக் குழைக்கிற நேரம். கடலுக்குப் பக்கத்தில பிறந்தனான், நீந்தத் தெரியாது எண்டு ஆரிட்டைச் சொல்லுறது, வெக்கக்கேடு."

"அப்ப போராட்டத்துல ஏன் அண்ணை முன்னால நிக்கிறீங்க?"

"மார்கரெட் மனம் உடைஞ்சுபோவா" என்றார்.

மார்கரெட் அந்தக் குழுவின் தலைவி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஆங்கிலேயப் பெண்மணி. அண்ணை இங்கே வந்த புதிதில் தேவாலய மண்டபத்தில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அகதி வழக்கு நடந்தபோது ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்குக் கூடவே போய் உட்கார்ந்தவர். "அவ இல்லாட்டி எனக்கு இஞ்ச விசா இல்லை, கடை இல்லை, பிள்ளையள் இல்லை. அவ இந்தச் சந்தைக்காக மழையிக்கை பதாகை பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, எனக்கு வேண்டாம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார். மிச்ச ரோலைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் மார்கரெட்டின் வீட்டுக்குப் போனேன். அவரும் முதலில் தேநீர்தான் கொண்டுவந்தார். ஆங்கிலேயர்கள் வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வந்தவருக்கும் தேநீர் தருவார்கள். அவர்களிடம் என் கோப்பைக் கோடு செல்லுமா செல்லாதா என்பதே எனக்குப் பெரிய குழப்பம். சந்தையின் வரலாறு, கூரையின் அழகு எல்லாம் சொல்லிவிட்டு, அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: தன் தங்கை கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிறாள், இவருக்காக ஓர் அறையை வைத்துக்கொண்டு ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள், இந்தப் போராட்டம் எப்படியோ ஒரு விதமாக முடிந்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாம்.

"அப்படியானால் நீங்கள் விலகிக்கொள்ளலாமே?" என்று கேட்டேன்.

"நடேசனை விட்டுவிட்டா? அந்தக் கடை போய்விட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்?" என்றார்.

கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தேன். இல்லாவிட்டால் அவருடைய கம்பளம் போயிருக்கும். இவர் அவருக்காக, அவர் இவருக்காக, இருவருமே விரும்பாத ஒரு போருக்கு இருவரும் தளபதிகளாக இருந்தார்கள். இது தெரிந்த ஒரே ஆள் நான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இரண்டு வயதானவர்களுக்கு விடுதலை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு சுகந்தியைப் பார்க்கும்வரைதான் இருந்தது.

சுகந்தி அண்ணையின் எதிர்க்கடை. மன்னார்க்காரப் பெண், கத்தோலிக்கர். தையல் இயந்திரத்துக்கு மேலே மடு மாதா படம், பக்கத்தில் முதல் நற்கருணைக்கு வரும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகள் தொங்கும். சேலை ரவிக்கை முதல் ஜமைக்காக்காரரின் கோட்டு வரை எல்லாம் தைப்பார். பல வருடம் முதியோர் இல்லங்களில் ஷிப்ட் வேலை செய்து, முதுகு போய், கடைசியில் இந்தச் சின்ன இடத்தைப் பிடித்தவர். ஹை ரோட்டில் ஒரு கடையின் வாடகையைக் கேட்டாலே அவருக்குத் தலை சுற்றும். அந்தச் சந்தை உண்மையிலேயே வேண்டும் என்று நின்றவர் என் கண்ணுக்குத் தெரிந்து அவர்தான்.

"அக்கா, இது போனா நான் திரும்ப ஷிப்டுக்குத்தான் போகவேணும். ஆக்களைத் தூக்க என்ர முதுகுக்கு இனி ஏலாது" என்றார். பிறகு ஊசியில் நூல் கோத்தபடியே, "அண்ணை உங்களிட்டை ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி குடிச்சோம்மா" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "அவர் என்னத்தைச் சொன்னாலும் எழுதிப் போடாதேங்கோ. தமிழ்ப் பேப்பர்தானே எண்டு நினைப்பியள். கம்பனிக்காரர் போனில போட்டா ஒரு நிமிசத்தில இங்கிலீசில வந்திடும். அவையின்ர லோயர் அதைத் தூக்கிக் காட்டினா எல்லாம் முடிஞ்சுது" என்றார்.

அவர் சொன்னது சரி. இதைக் கவனமாக மனதில் வையுங்கள். எங்கள் தலைமுறைச் செய்தியாளர்கள் தமிழை ஒரு மதில் என்று நினைத்து அதன் பின்னால் நின்றுகொண்டு என்ன வேண்டுமானாலும் எழுதினோம். அந்த மதில் இப்போது இல்லை. நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர் அன்று மாலையே அதைப் படிப்பார். அவருடைய எதிரியும் படிப்பான்.

ஆக, உண்மையை எழுதினால் சுகந்தியின் கடை போய்விடும். கண்ணீர்க் கதை எழுதினால் அது பொய். இரண்டு பேரின் ரகசியத்தையும் உடைத்துச் சொன்னால் நான் செய்தியாளரே இல்லை, வீட்டுக்கு வீடு சேதி சுமக்கிறவள். எழுதாமலே இருந்துவிடலாம் என்றால் சென்னையிலிருந்து பையன் விடுவதாக இல்லை. கவுன்சில் விசாரணை நடக்கும் அன்றே கட்டுரை கைக்கு வர வேண்டும், பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன் என்றார். லண்டனில் மத்தியானம் சாய்ந்துகொண்டிருக்கும்போது சென்னையில் பக்கம் மூடுகிற நேரம். நம் வேலையின் சாபம் அது. இங்கே ஒரு விசயம் முடியும் முன்னரே அங்கே அதை முடித்துக் கொடுக்க வேண்டும்.

விசாரணை நாள். கவுன்சில் கட்டடத்தில் நீண்ட அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் கவுன்சில் குழு உறுப்பினர்கள். ஒரு பக்கம் நிறுவனத்தின் வழக்கறிஞர், மறுபக்கம் மார்கரெட்டும் கடைக்காரர்களும். நான் ஓரத்தில். பைக்குள் கைபேசி சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

நடேசன் அண்ணையைக் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டிருந்தார். ஒலிவாங்கி முன்னால் போய் நின்று, நல்ல ஆங்கிலத்தில், "நான் தமிழில் பேச விரும்புகிறேன்" என்றார்.

மார்கரெட் திடுக்கிட்டுப் பார்த்தார். தான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அது. மொழிபெயர்ப்பாளர் யாரையும் ஏற்பாடு செய்யவில்லையே என்று அலுவலர் சொன்னார். சுகந்தி எழுந்தார். அவர் கடைக்காரர், அவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று வழக்கறிஞர் ஆட்சேபித்தார். அண்ணை அறை முழுவதையும் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "அவர் பத்திரிகைக்காரர். இதில் அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்.

வழக்கறிஞர் சரி என்றார். செய்தி எடுக்க வந்தவள் செய்திக்குள் கால் வைக்கக் கூடாது என்பது நம் தொழிலின் அரிச்சுவடி. உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் நான் மறுத்தால் அந்த மனிதர் பேசாமல் போய் உட்கார்ந்துவிடுவார் என்று தோன்றியது. அவர் என்ன பேசப் போகிறார் என்றும் தெரியாது. மேடைப் பேச்சா, கோப்பைப் பேச்சா? யோசித்து முடிப்பதற்குள் என் கால்கள் ஒலிவாங்கிக்குப் போய்விட்டன.

"நான் நடேசன். இந்தச் சந்தையில எல்லாரிலும் பழைய கடைக்காரன் நான்தான்" என்றார். ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எனக்கு என்ர கடையை மூடவேணும்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தி, என் வாயைப் பார்த்தார்.

அறையில் அதைப் புரிந்துகொண்டவர்கள் மூன்றே பேர். அவர், நான், சுகந்தி. சுகந்தியின் முகத்தில் இரத்தம் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மிக லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்கு நன்றாக விளங்கியது. 'நான் களைத்துப் போயிருக்கிறேன்' என்று மாற்றிச் சொன்னால் போதும். முழுப் பொய்யும் இல்லை. எங்கள் மூவரைத் தவிர ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பு என் நாக்கில் இருந்தது. அடுத்து அவர் என்ன சொல்வார் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அதோடு முடித்துவிட்டு அவர் போய் உட்கார்ந்தால் சந்தையின் கதையும் அங்கேயே முடிந்தது. பயமாக இருந்தது.

"நான் என் கடையை மூட விரும்புகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சொன்னது அதுதான்.

அறையில் சலசலப்பு. வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்கரெட் இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சுகந்தி குனிந்துகொண்டார்.

"இனி எனக்கு இடியப்பம் புழிய ஏலாது. நான் நீந்தப் பழகப்போறன்."

சொன்னேன். எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள்.

அண்ணை சிரிக்கவில்லை. "நான் மூடுறதுக்கும் சந்தையை மூடுறதுக்கும் என்ன சம்பந்தம்? நான் வரேக்கை என்ர இடத்தில ஒரு ஐரிஷ்கார மனிசன் மீன் வித்துக்கொண்டிருந்தவர். அவருக்குக் களைச்சுப்போச்சு, போனார். அவர் போனார் எண்டு ஆரும் சந்தையை இடிக்கேல்லை. அந்த இடம் எனக்குக் கிடைச்சது. இப்ப எனக்குக் களைச்சுப்போச்சு. எதிர்க்கடைப் பிள்ளைக்கு மெசின் வைக்க இடம் காணாது. நான் போறது அவவுக்கு இடம் விடத்தான். உங்களுக்கு வீடு கட்ட இல்லை."

ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

பிறகு மார்கரெட் பக்கம் திரும்பினார். "மார்கரெட்டிட்டை மன்னிப்புக் கேக்கிறன். இதை முதலே சொல்லியிருக்கவேணும். சொல்லத் துணிவு வரேல்லை." நானும் மார்கரெட் பக்கம் திரும்பித்தான் சொன்னேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அடுத்தது மார்கரெட்டின் முறை. தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த உரையை மடித்துப் பைக்குள் போட்டார். "நான் தயாரித்தது நடேசனின் கடையைப் பற்றி. அது இனிப் பயன்படாது. வசந்தத்தில் நானும் என் தங்கையிடம் போகிறேன். அதை அவரிடம் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் மழையில் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தச் சந்தை வேண்டியதில்லை. அதனால் நாங்கள் கேட்பதை நீங்கள் நம்பலாம். இதை விட்டுவையுங்கள்" என்றார். அண்ணை வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தார்.

வெளியே நடைவழியில் மார்கரெட் என்னைப் பிடித்துக்கொண்டார். "இரண்டு பக்கமும் உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். அது கோபமா, நன்றியா, கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. எத்தனை வருடம் இருந்தும் ஆங்கிலேயர் முகத்தைப் படிக்க நான் கற்றுக்கொள்ளவில்லை.

சுகந்தியின் முகத்தில் படிக்கக் கடினமாக ஒன்றும் இல்லை. "அந்த ஒரு வரியை நீங்கள் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றார்.

"அவர் சொன்னதைத்தானேம்மா சொன்னேன்."

"பிறகு என்ன சொல்லுவார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியாமலே சொன்னனீங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். பல வாரம் என்னோடு பேசவில்லை. நான் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையைக்கூட வேறு ஆள் கையில் கொடுத்து அனுப்பினார்.

பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியை எடுத்தேன்.

"மேடம், பக்கம் காத்துக்கிட்டு இருக்கு. கண்ணீர் வந்துச்சா?"

"கண்ணீர் இல்லப்பா. நீச்சல்தான் இருக்கு."

"என்ன மேடம்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சந்தோசத்தில் குதித்தார். இதைவிட நல்ல கதை கிடைக்காது, உடனே அனுப்புங்கள் என்றார். முடியாது என்றேன். அண்ணையின் வார்த்தைகளை அந்த அறையில் சொன்ன வாய் என்னுடையது. அதே வாயை மேற்கோள் காட்டி நானே எப்படிச் செய்தி எழுதுவது? கண்ணால் கண்ட சாட்சி என்று போடலாமே என்றார். அந்த அறையில் நான் சாட்சியாக இருந்தேனா, கட்சிக்காரியாக இருந்தேனா என்பதே எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த ஞாயிறு முழுப் பக்கமும் லண்டன் பூங்காக்களின் பூப்படங்கள் வந்தன. அழகாகத்தான் இருந்தன.

கவுன்சில் குழு அன்று முடிவைத் தள்ளிவைத்தது. சில மாதம் கழித்து, சந்தை இன்னும் சில ஆண்டுகள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. அண்ணையின் பேச்சால் என்று சிலர் சொன்னார்கள். தேர்தல் நெருங்கியதால் என்று சிலர். நிறுவனமே கை விரித்துவிட்டது என்று சவுரிக் கடைக்காரி சொன்னார். நான் விசாரித்துப் பார்த்தேன், மூன்றுக்குமே ஆதாரம் இருந்தது. காரணம் ஒன்றுதான் என்று எழுதுகிற செய்தியாளரைக் கண்டால் எனக்கு இப்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

மார்கரெட் வசந்தத்தில் கடற்கரை ஊருக்குப் போனார். அண்ணை கடையை மூடினார். ஒருநாள் சுகந்தியிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. அண்ணையின் இடத்தில் இரண்டு புதுத் தையல் இயந்திரங்கள், இடியப்ப அடுப்பு இருந்த மூலையில் மடு மாதா. படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை. மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதா, நீங்கள் கெடுக்கப் பார்த்தும் நான் பிழைத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்வதா? இரண்டாவதாக எடுத்துக்கொள்ளும் நாளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவர் தலையை ஆட்டியது கண்ணில் வருகிறது. அண்ணை அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருந்தால், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன் என்ற என் பெருமையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்திருப்பார்?

உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஆசிரியர் கேட்டதும் அண்ணைக்குப் போன் போட்டேன். நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன்.

"தங்கச்சி, இப்ப உங்கட கையில தேத்தண்ணி இருக்கோ?"

"இல்ல அண்ணை."

"என்ர கையிலயும் இல்லை. அப்ப எழுதுங்கோ."

ஆக, விதி இருந்திருக்கிறது. எனக்கு ஒரே சந்தோசம். அந்தத் துணிச்சலில், இத்தனை காலம் மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன். "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே. ஏன் என் தலையில கட்டுனீங்க?"

"இங்கிலீசில தொடங்கியிருந்தா மார்கரெட்டின்ர முகத்தைப் பாத்திட்டு இடையில மாத்தியிருப்பன். நீங்கள் மாத்த மாட்டியள் எண்டு நினைச்சன்."

"நான் மாத்தியிருந்தா?"

"எனக்கு இங்கிலீசு தெரியும்தானே. அந்த இடத்திலயே உங்களைத் திருத்தியிருப்பன்" என்றார்.

அப்படியானால் என்னை நம்பினாரா, பரீட்சித்தாரா? அதைக் கேட்க வாயெடுத்தேன். மறுமுனையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த தையல் இயந்திரச் சத்தம் நின்றது. கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி, சுகந்தி தேத்தண்ணி கொண்டுவாறா" என்றார்.

நான் பொறுத்திருந்து, பிறகு கேட்டேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, குரலை இறக்கி, என் கேள்விக்குப் பதில் சொன்னார். அதை உங்களுக்குச் சொல்வதற்கில்லை.